வடிச்ச தண்ணி

ஏறாவூர்
09.05.2025

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று போனை யார் முதலில் வைத்தது என்று இப்போது ஆராய வேண்டாம். இனிமேல் இந்தக் கொம்பியூட்டர் விசயத்தை மட்டும் ஈமெயிலில் எழுதித்தான் பேசுவோம். வாயால் பேசினால் நாளைக்கு "நான் எப்ப அப்பிடிச் சொன்ன?" என்று கேட்பீர்கள். எழுத்தில் இருந்தால் கேட்க முடியாது. மற்றக் கதைகளுக்கு வழக்கம் போல அஸர் தொழுகைக்குப் பிறகு எடுங்கள். உங்கள் குரலை ஒரு நாள் கேட்காவிட்டால் உம்மா என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறா.

நிலைமை இதுதான். நோன்புப் பெருநாளன்று நீங்கள் கட்டாரிலிருந்து வீடியோவில் நின்றுகொண்டு "கொஞ்சம் ஏத்திவிடு புள்ள, ஒண்டும் ஆகாது" என்று சொல்லச் சொல்ல, நான் புரொசஸரின் வேகத்தை அது கடையிலிருந்து வந்த அளவுக்கு மேலே ஏற்றிவிட்டேன். ஓவர்குளொக் செய்த முதல் வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பது நிமிஷம் பிடித்த படம் இருபத்தெட்டு நிமிஷத்தில் முடிந்தது. இப்போது கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை பதினொரு மணிக்கே அறை அடுப்படி போலக் காய்கிறது. புரொசஸரின் சூடு தொண்ணூற்றெட்டுப் பாகைக்கு ஏறியதும் மெஷின் தானாக நின்றுவிடுகிறது. நேற்று மட்டும் மூன்று தரம். வரைந்தது பாதியில் போக, நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருக்க, உம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம், "மகள் கட்டாத வூட்டப் படம் புடிக்கா, அது இன்னும் கழுவி வரல்ல" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்கிறா.

கொழும்புக் கம்பனிக்கு, இன்னும் கட்டாத ஹோட்டல் ஒன்றுக்கு நான் கொம்பியூட்டரில் வரைகிற பன்னிரண்டு படங்களும் ஒரு நிமிஷ வீடியோவும் ஜூன் 30க்குள் போக வேண்டும். பிடித்தால் எனக்கு இரண்டு வருஷத்துக்கு நிரந்தர வேலை. அந்த வேலை கிடைத்தால், ஜூலை 10ஆம் திகதி நீங்கள் அங்கே புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் ஊருக்கு வந்துவிடுவது என்று இரண்டு பேரும்தான் முடிவெடுத்தோம். அதுவும் எழுத்தில் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தன்னாமுனை திவாகரனின் கடையில் மூடிய வோட்டர் கூலிங் செட் வந்திருக்கிறது. பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகப் பொருத்தி, தண்ணீரையும் உள்ளே அடைத்து, சீல் வைத்தே வருகிறது. நாலு ஸ்குரூ முறுக்கினால் வேலை முடிந்தது. மூன்று ஃபேன் உள்ளதாக ஒன்றை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள், போதும்.

அஸீமா


தோஹா
13.05.2025

அன்புள்ள அஸீமா,

வஅலைக்குமுஸ்ஸலாம். ஓம் என்று எழுத மாட்டேன்.

பத்து வருஷமாக நான் இங்கே செய்கிற வேலை என்ன? முப்பத்தாறு மாடிக் கட்டடத்தைத் தண்ணீரால் குளிரவைக்கிற வேலை. யானைக்குட்டி அளவில் நிற்கும் சில்லர்களைக் கழற்றிப் பூட்டுகிறவனின் மனைவி, நாலு ஸ்குரூ செட் ஒன்றைப் பெட்டியோடு வாங்கினாள் என்று தெரிந்தால் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள்.

மூடிய செட்டில் என்ன குறை என்று கேள். பம்ப் செத்தால் முழுவதையும் குப்பையில் போட வேண்டும். உள்ளே தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. கழுவ முடியாது, நிரப்ப முடியாது, திறந்து பார்க்கவே முடியாது. திறக்க முடியாத சாமானை நான் நம்புகிறதில்லை.

நாங்கள் தனித்தனியாக எடுத்துப் பொருத்துவோம். இம்மாதம் 27ஆம் திகதி, என்னோடு இங்கே வேலை செய்கிற அஹமட் ஊருக்கு வருகிறான். அவன் பெட்டியில் எல்லாம் அனுப்புகிறேன். புரொசஸரின் மேலே உட்காருகிற செம்புக் கட்டை, பம்ப், தண்ணீர்ப் போத்தல், மூன்று ஃபேன் ரேடியேட்டர், மிருதுவான குழாய். கண்ணாடி போன்ற கடினக் குழாய் பார்க்க அழகுதான். ஆனால் அதைச் சூடுகாட்டி வளைக்க வேண்டும், உனக்கு அந்தப் பொறுமை கிடையாது. எழுத்தில்தான் சொல்கிறேன், வைத்துக்கொள்.

படம் கீறி இணைத்திருக்கிறேன். பம்ப், போத்தலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். உள்ளே காற்றுப் பிடித்தால், உன்னிச்சைப் பக்கம் வயலுக்கு இறைக்கும் பம்ப் தண்ணீர் கிடைக்காமல் கத்துமே, அப்படிக் கத்தும். மெஷினை இப்படியும் அப்படியும் சரித்துக் காற்றை வெளியேற்று. பிறகு பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, கீழே டிஷ்யூ விரித்து, கசிகிறதா என்று பார்.

முக்கியமானது தண்ணீர். வடிச்ச தண்ணி மட்டும்தான் ஊற்ற வேண்டும். உங்கள் வீட்டுக் கிணறு வாவிக்கரைக் கிணறு, உவர். அதை அப்படியே ஊற்றிவிடாதே.

மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்வேன்.

றிப்ஷான்


ஏறாவூர்
01.06.2025

அன்பின் மச்சான்,

ஸலாம். சாமான் வந்தது. அஹமட் காக்கா சுங்கத்தில் பம்பைக் காட்டி, இது வெடிகுண்டு இல்லை என்று முக்கால் மணித்தியாலம் விளக்கியதாகச் சொன்னார். உங்களுக்கு ஸலாம் சொல்லவில்லை.

திவாகரனிடம் எடுத்து வைக்கச் சொன்ன செட்டை வேண்டாம் என்று சொல்லப் போனபோது என் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "புருஷன் சில்லர் வேலை" என்று பெருமையாகவே சொல்லிவிட்டு வந்தேன். பிறகு இரண்டு நாள் குந்திக்கொண்டு பூட்டினேன். உங்கள் படத்தில் அம்புக்குறி ஒரு இடத்தில் உள்ளே போகிறது, அதே இடத்தில் வெளியேயும் வருகிறது. எது சரி என்று கேட்க எடுத்தால் உங்கள் போன் ஓஃப். பம்ப் கத்தியது. சரித்தேன். திரும்பவும் கத்தியது. நானும் உம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி அந்தப் பெட்டியை ஆட்டினோம். கடைசியில் வாயை மூடியது.

தண்ணீரில் ஒரு குறையும் வைக்கவில்லை. நீங்கள் உடுக்கிற வெள்ளைச் சாரம் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, நாலாக மடித்து, ஏழு தரம் வடித்தோம். மூன்று தரம் போதும் என்றேன் நான். உம்மா விடவில்லை. "மருமகன் வடிச்ச தண்ணி எண்டு சொல்லியிரிக்கார், ஒழுங்கா வடிப்பம்" என்று நின்றா. கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

உண்மையைச் சொல்ல வேண்டும், எழுத்தில் இருக்கட்டும். சூடு எழுபத்தொன்றுக்கு மேலே போகவில்லை. பகல் முழுக்க நிற்காமல் ஓடுகிறது. ஹோட்டலின் நாலு படங்கள் முடிந்துவிட்டன. நீச்சல் தடாகத்தின் தண்ணீர் இவ்வளவு வடிவாக என் கையால் வரும் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் சொன்னது சரி. இந்த வசனத்தை நீங்கள் சட்டம் போட்டு மாட்டுவீர்கள் என்று தெரியும்.

ஒன்று மட்டும். போன கடிதத்தில் "உங்கள் வீட்டுக் கிணறு" என்று எழுதியிருக்கிறீர்கள். கலியாணம் முடித்துப் பதினொரு வருஷம். இன்னும் அது உங்கள் கிணறு இல்லையா?

அஸீமா


தோஹா
10.06.2025

அஸீமா,

பெருநாளோடு எட்டு நாள் எங்களைத் தூரத்து சைட் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சிக்னல் இல்லை. இப்போதுதான் உன் கடிதத்தைப் படித்தேன்.

சாரத்தால் வடித்தீர்களா? அல்லாஹ்வே!

உடனே மெஷினை நிறுத்து. இதைப் படித்து முடிக்க முதல் நிறுத்து. வடிச்ச தண்ணி என்றால் துணியால் வடிப்பதில்லை! தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைக் குளிரவைத்து எடுக்கிற தண்ணீர். உப்பு ஒரு துளியும் இருக்காது. உவர்த் தண்ணீரை எழுபது தரம் சாரத்தில் வடித்தாலும் உப்பு உள்ளேதான் இருக்கும். உன் கண்ணுக்கு அது கண்ணாடி, செம்புக்கு அது நஞ்சு. கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்த பிள்ளை நீ. உப்பு வடிகட்டினால் போகும் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள்?

எல்லாவற்றையும் வெளியே ஊற்று. போனை எடு. மூன்று தரம் அடித்துவிட்டேன், எடுக்கிறாய் இல்லை.

றிப்ஷான்


ஏறாவூர்
14.06.2025

மச்சான்,

போனை எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். எழுத்தில்தான் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தது பத்தாம் திகதி பின்னேரம். மெஷின் செத்தது அன்று பகல். ளுஹர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது, நான் எழும்பி, தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூ எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் மேசையெல்லாம் பச்சை நிறத் தண்ணீர். ரேடியேட்டரின் ஓரத்தால் கண்ணீர் போல வழிந்து கிராபிக்ஸ் கார்டின் மேலே சொட்டிக்கொண்டிருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் திவாகரனிடம் போனேன். மடியில் வைத்திருந்தேன். அபாயா முழுக்கப் பச்சை.

முதலில் தண்ணீர்க் கதை. மே 13ஆம் திகதிக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். "வடிச்ச தண்ணி" என்று எழுதியது யார்? "அப்படியே ஊற்றிவிடாதே" என்று எழுதியது யார்? அப்படியே ஊற்றவில்லை, வடித்துத்தான் ஊற்றினோம்! பெட்டரித் தண்ணி என்று ஒரு சொல் எழுதியிருந்தால், ஏறாவூரில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். பெற்றோல் செட்டில் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பத்து வருஷம் சில்லர் கழுவியவருக்கு ஊரில் வழங்குகிற சொல் மறந்துபோனால் அது என் பிழையா, என் பள்ளிக்கூடத்தின் பிழையா?

இப்போது உங்கள் கதை. திவாகரன் நீங்கள் அனுப்பிய ரேடியேட்டரை எடுத்து, பிளேடால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டிக் காட்டினான். உள்ளே வெள்ளை. அலுமினியம். "தங்கச்சி, மேல செம்பு, கீழ அலுமினியம், நடுவில உப்புத் தண்ணி. இது கூலிங் செட் இல்ல, பெட்டரி. ஒண்ட ஒண்டு தின்னும்" என்றான். பிறகு பிளேடைத் துடைத்து வைத்துவிட்டு, "உங்கட ஆள் சில்லர் வேலை எண்டுதானே சொன்ன?" என்று கேட்டான். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கடைச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

கார்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறான். உயிர் இருக்கிறதா என்று நாளைக்குத்தான் தெரியும். ஏழு படங்கள் மிச்சம், வீடியோ மிச்சம், பதினாறு நாள் மிச்சம்.

நாலு ஸ்குரூ செட்டை வாங்கிவிட்டேன். கேட்கவில்லை, அறிவிக்கிறேன்.

கேட்பது வேறொன்று. மே மாதமே இதை வாங்கியிருந்தால் இந்நேரம் எல்லாப் படமும் போயிருக்கும். நான் இந்த வேலையை எடுத்தால்தான் நீங்கள் வரலாம். அது தெரிந்தும் ஏன் இந்தப் பிடிவாதம்? மச்சான், உங்களுக்கு ஊருக்கு வர விருப்பமில்லையா? இல்லையென்றால் அதையும் எழுத்தில் தாருங்கள். நான் செம்பையும் அலுமினியத்தையும் குற்றம் சொல்லாமல் இருப்பேன்.

அஸீமா


தோஹா
18.06.2025

அஸீமா,

நாலு நாளாக எழுதி எழுதி அழிக்கிறேன்.

ரேடியேட்டர் என் பிழை. பெட்டியில் செம்பு என்று போட்டிருந்தது, நம்பினேன். சுரண்டிப் பார்க்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவன் இப்படிச் செய்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போ என்று சொல்லியிருப்பேன். பெட்டரித் தண்ணி என்ற சொல் எனக்கு வரவேயில்லை. இங்கே எல்லாம் இங்கிலீஷில் சொல்லிப் பழகிவிட்டது, அதை அப்படியே தமிழாக்கி எழுதிவிட்டேன். அதுவும் என் பிழை. திவாகரனிடம் சொல்லிவிடு.

விருப்பமில்லையா என்று கேட்டாய். சொல்கிறேன், சிரிக்காதே.

எங்கள் ஊர் வழமை உனக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. நான் ஒரு பேக்கோடு உங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவன். யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை, மாமி தன் பிள்ளை போலத்தான் பார்க்கிறா. ஆனால் மூன்று வருஷத்துக்கு முதல், போன தடவை லீவில் வந்தபோது, சட்டை மாட்டுவதற்கு உன் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்தேன். மாமி வந்து, "சுவரப் பழுதாக்காதீங்க மகன்" என்றா. ஆணியைக் கழற்றிப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நீ கவனிக்கவில்லை, படம் கீறிக்கொண்டிருந்தாய். அந்த ஆணி இன்னும் இங்கே என் லொக்கரில் கிடக்கிறது. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆணி கூட இல்லை, அஸீமா.

நான் வந்தால் என்ன நடக்கும்? காலையில் நீ மெஷினில் உட்காருவாய். மாமி சமைப்பா. நான் ஒரு கதிரையில் இருந்து தேத்தண்ணி குடிப்பேன். இந்த ஒரு விசயத்தில்தான் எனக்கு ஒரு கை வேலை தெரியும் என்று நினைத்தேன். மூடிய செட் வாங்கினால் அதற்கு யாரும் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்ற ஆள் வேண்டிய செட்டைத்தான் தேடிப் பிடித்தேன். இதை நானே இப்போதுதான் விளங்கிக்கொள்கிறேன்.

உன் வேலையை நான்தான் கெடுத்தேன். கார்ட் பிழைத்ததா? பத்தாம் திகதி கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

றிப்ஷான்


ஏறாவூர்
04.07.2025

மச்சான்,

ஸலாம். இரண்டு கிழமை பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்பு இல்லை, ஏனென்றால் வேலை இருந்தது.

கார்ட் பிழைத்தது. ஒரு ஃபேன் மட்டும் கொஞ்சம் இருமுகிறது. நாலு ஸ்குரூவும் முறுக்கினேன். ஓவர்குளொக்கையும் பழைய அளவுக்கு இறக்கிவிட்டேன், நாற்பது நிமிஷம் என்றால் நாற்பது நிமிஷம். 29ஆம் திகதி எல்லாப் படமும் வீடியோவும் போய்ச் சேர்ந்தன. நேற்று பதில் வந்தது. தந்துவிட்டார்கள், இரண்டு வருஷம். உம்மா அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் நோன்பு பிடித்திருக்கிறா. நான் சந்தோஷப்படப் பார்க்கிறேன், உங்கள் கடிதம் விடுகிறதில்லை.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? மூன்று வருஷம், மச்சான்! மூன்று வருஷம் ஒரு ஆணியைக் கடல் தாண்டிக் கொண்டுபோய் லொக்கரில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆணி வேண்டுமென்றால் ஆணி என்று சொல்ல வேண்டியதுதானே! பம்ப், போத்தல், செம்பு, அலுமினியம் என்று ஊரைச் சுற்றிவிட்டு, என் கிராபிக்ஸ் கார்டின் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் சொல்ல வேண்டுமா?

கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோபிக்காதீர்கள், காட்டத்தான் வேண்டியிருந்தது. உம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றா. பிறகு சொன்னா, "என்ட றப்பே! அண்டைக்குப் பெயின்ட் காயல்ல புள்ள. ஈரச் சுவர்ல சட்டையக் கொழுவினா சுவரும் பழுதாகும், சட்டையும் பழுதாகும் எண்டுதான் நான் சொன்ன. காஞ்ச பொறகு அடிச்சிரிக்கலாமே, ஆரு வேணாம் எண்ட?" பிறகு அடுப்படிக்குப் போய் அழுதா. பிறகு சுத்தியலோடு வந்தா.

மேசைக்குப் பக்கத்துச் சுவரில், நீங்கள் கழற்றிய அதே ஓட்டையில் ஒரு ஆணி அடித்திருக்கிறேன். "ஒண்டு காணாது, சாரத்துக்கும் ஒண்டு அடி" என்று உம்மா சொன்னதால் இரண்டு. வடித்த சாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டோம், புதிது ஒன்று எடுத்து வைத்திருக்கிறா.

மெஷின் இப்போது குளிர்தான். ஆனால் அந்தச் சூடெல்லாம் எங்கே போகிறது? என் அறைக்குள்தான் வருகிறது. நேற்று அறை முப்பத்தாறு பாகை. செட்டுக்கு ஆள் வேண்டாம், எனக்கு ஆள் வேண்டும். வேலைக்காக என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு உங்களோடு நேரில் நின்று சண்டை பிடிக்க வேண்டும். ஈமெயிலில் சண்டை பிடித்துக் கை நோகிறது.

பத்தாம் திகதி என்ன செய்யப் போகிறீர்கள்? எழுத்தில்.

அஸீமா


தோஹா
06.07.2025

அன்புள்ள அஸீமா,

உன் கடிதத்தில் ஒரு விசயம் சரியில்லை. அந்தச் சுவர் சீமெந்துக் கல், பழைய ஓட்டை பெருத்துப்போயிருக்கும். அதே ஓட்டையில் அடித்த ஆணி ஒரு கிழமை கூட நிற்காது. உள்ளே பிளக் வைத்து, ஸ்குரூ போட வேண்டும். யாரைக் கேட்டு அடித்தாய்?

கம்பனிக்கு இன்று காலையே சொல்லிவிட்டேன், கையெழுத்துப் போடவில்லை. இம்மாதம் 19ஆம் திகதி டிக்கெட். பழைய ஆணியையும் கொண்டுவருகிறேன்.

நான் வரும்வரைக்கும் அதில் ஒன்றும் மாட்டாதே.

றிப்ஷான்